பெயரோடு ஒரு முகம்: சேதுநாட்டுக் கடற்கரையும் உருவப்படக் கலையும்

ஒருவரை இன்னார் என்று அடையாளம் கண்டுகொள்ளும்படி அவருடைய முகத்தையும் உடலையும் தீட்டியோ செதுக்கியோ ஒளிப்படமாக எடுத்தோ நிலைநிறுத்தும் கலையே உருவப்படக் கலை எனப்படுகிறது. இந்த விளக்கத்தில் ‘இன்னார்’ என்ற சொல்தான் கனமானது. வலை பின்னும் ஒருவரை ‘மீனவர்’ என்றும், நாற்று நடும் ஒருவரை ‘உழவர்’ என்றும் மட்டும் காட்டும் படம் எத்தனை நுட்பமாக அமைந்தாலும் ஒரு தொழிலின் படமாகவே நிற்கும். அந்த முகத்துக்கு உரியவரின் பெயரும், அவர் தந்த இசைவும், பார்ப்பவரை அவர் திரும்பிப் பார்க்கும் பார்வையும் சேரும்போதே அது உருவப்படமாகிறது. இந்த மூன்றும் யாருக்குக் கிடைத்தன, யாருக்குக் கிடைக்கவில்லை என்று இராமநாதபுரத்திலிருந்து பாம்பன் வழியாக இராமேசுவரம் வரை நீளும் கடற்கரையில் தேடிப் பார்த்தால், ஏறத்தாழ முந்நூறு ஆண்டு வரலாறு விடையாக விரிகிறது.

அந்த வரலாற்றின் தொடக்கம் இராமநாதபுரம் அரண்மனையின் இராமலிங்க விலாசத்தில் இருக்கிறது. சேதுநாட்டை ஆண்ட கிழவன் சேதுபதி காலத்தில் எழுந்த அந்த மண்டபத்தின் சுவர்களிலும் விதானங்களிலும் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முத்து விஜய ரகுநாத சேதுபதியின் ஆட்சியில் தீட்டப்பட்ட ஓவியங்கள், இராமாயணக் காட்சிகளுக்கும் பாகவதக் காட்சிகளுக்கும் நடுவே, அரசரையே மீண்டும் மீண்டும் காட்டுகின்றன. குலதெய்வமான இராஜராஜேசுவரியின் கையிலிருந்து அவர் செங்கோல் பெறுகிறார், ஐரோப்பியரைச் சந்திக்கிறார், தஞ்சை மராத்தியருடன் போர் நிகழ்கிறது, அந்தப்புரத்தில் பொழுது கழிகிறது. உருவப்படம் என்ற சொல்லின் முழுப்பொருளுக்கும் உரியவராக அந்தச் சுவரில் நிற்பவர் அவர்தான். சூழ நிற்கும் பணியாளர்களும் வீரர்களும் உடையாலும் கருவியாலும் இன்ன வேலைக்காரர் என்று அறியப்படுகிறார்களே தவிர, ஆளுக்கு ஆள் முகம் வேறுபடுவதில்லை. இதை ஓவியர்களின் குறையாகக் கொள்ள முடியாது. யாருக்காகத் தீட்டப்படுகிறதோ அவருக்கே முகம் என்பது அக்கால அரசவை ஓவியங்களின் பொது இலக்கணமாக இருந்தது. ஆயினும் அந்த நாட்டின் செல்வத்தில் ஒரு பகுதி கடலிலிருந்து வந்தது என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும். மன்னார் வளைகுடாவின் முத்துக்குளிப்பிலும் சங்குகுளிப்பிலும் சேதுபதிகளுக்கு உரிமைகள் இருந்தன. மூச்சடக்கி மூழ்கி அவற்றை மேலே கொண்டுவந்தவர் எவரும் அந்தச் சுவரில் பெயரோடு இடம்பெறவில்லை.

இராமேசுவரம் கோயிலில் இதே இலக்கணம் கல்லில் தொடர்கிறது. பிரகாரங்களைக் கட்டுவித்த சேதுபதிகள் கைகூப்பியபடி அங்கே நிற்கிறார்கள். மூன்றாம் பிரகாரத்தின் நுழைவில் முத்துராமலிங்க சேதுபதியின் உருவத்தோடு அவருடைய அமைச்சர்களின் உருவங்களும் உண்டு. கொடை தந்தவர்களுக்கும் அவர்களுடன் இருந்தவர்களுக்கும் கல் கிடைத்தது. கல் சுமந்தவர்களைப் பற்றிப் பேச அங்கே எதுவும் இல்லை.

முகமற்றிருந்த மக்களின் முகங்கள் இக்கரையில் முதன்முதலாகக் கவனத்துக்கு வந்தது வேறு ஒரு நோக்கத்தால். 1885 முதல் 1908 வரை சென்னை அரசு அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், மன்னார் வளைகுடாவின் முத்து, சங்கு மீன்பிடிப்பைப் பற்றி 1890இல் ஒரு நூலும், இராமேசுவரம் தீவையும் அதைச் சூழ்ந்த கடல் உயிரினங்களையும் பற்றி 1895இல் ஒரு நூலும் வெளியிட்டவர். சிப்பியையும் கடற்பஞ்சையும் வகைபிரித்த அதே பழக்கத்தோடுதான் அவர் மனிதர்களிடமும் வந்தார் என்று சொன்னால் அது மிகையாகாது. கே. ரங்காச்சாரியின் துணையோடு 1909இல் ஏழு தொகுதிகளாக அவர் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் பற்றிய பெருநூலில் கடற்கரைச் சமூகங்கள் பலவும் அகரவரிசையில் இடம்பெறுகின்றன. தலையின் நீளம், அகலம், மூக்கின் அளவு ஆகியவற்றைக் கருவியால் அளந்து மக்களை இனமாகப் பிரிக்க முயன்ற மானுட அளவியல் என்ற துறை அப்போது அறிவியலாக மதிக்கப்பட்டது. அந்த அளவுகளுக்குத் துணையாக எடுக்கப்பட்ட ஒளிப்படங்களில் மனிதர்கள் நேராகவும் பக்கவாட்டிலும் நிறுத்தப்பட்டார்கள். படத்தின் கீழே பெரும்பாலும் சாதியின் பெயர் இருந்தது, ஆளின் பெயர் இல்லை. அளவுக் கருவிகளைக் கண்டு மக்கள் அஞ்சியதையும் விலகி ஓடியதையும் தர்ஸ்டனே வேடிக்கைபோல எழுதி வைத்திருக்கிறார். இன்று அந்தப் பக்கங்களைப் படிப்பவருக்கு அந்த வேடிக்கை உறுத்தும். அந்த ஓட்டத்தை அறியாமை என்று அவர் எடுத்துக்கொண்டார். படத்துக்கு இசைவு மறுப்பதற்கு அந்த மக்களிடம் இருந்த ஒரே வழி அதுதான் என்றும் அதைப் படிக்கலாம்.

இந்த நூல்களை இகழ்ந்து ஒதுக்கிவிடுவதும் எளிதன்று. நூறாண்டுக்கு முந்திய கடற்கரை மனிதர்களின் உடையும் அணியும் கருவியும் தெரியவேண்டுமென்றால் ஆய்வாளர்கள் இன்றும் அவற்றிடமே போகவேண்டியிருக்கிறது. ஆனால் அந்த ஏழு தொகுதிகளில் தன் பாட்டனையோ பாட்டியையோ தேடும் ஒருவருக்கு அவை உதவ மாட்டா.

பெயரின்மை காலனிய ஆட்சிக்கு மட்டும் உரிய குறையல்ல. ஜெர்மானிய ஒளிப்படக் கலைஞர் ஆகஸ்ட் சாண்டர் தம் நாட்டு மக்களை, உழவர் முதல் வேலையற்றவர் வரை, சமமான மதிப்போடு எடுத்து 1929இல் 60 படங்களைக் கொண்ட நூலாக வெளியிட்டார். ஆட்சியாளர்கள் விரும்பிய ஒற்றை முகத்துக்கு அவை பொருந்தாமையால் 1936இல் நாஜி அரசு அந்நூலின் அச்சுத் தகடுகளை அழித்தது. அத்தகைய கலைஞரும் தம் படங்களுக்குப் பெரும்பாலும் தொழிலின் பெயரையே தலைப்பாக வைத்தார். தென்னாப்பிரிக்காவின் ஜனேலே முஹோலி 2006இல் தொடங்கிய வரிசையில், அந்நாட்டின் கறுப்பினத் தற்பால் ஈர்ப்புப் பெண்களையும் திருநர்களையும் எடுத்த ஒவ்வொரு படத்துக்கும் ஆளின் பெயரும் ஊரும் ஆண்டுமே தலைப்பு. இரண்டுக்கும் இடையில் முக்கால் நூற்றாண்டு இருக்கிறது. மாற்றம் முழுவதும் அந்தத் தலைப்பில் தெரிகிறது.

இராமநாதபுரத்தின் வறுமையை இந்திய வாசகர்களுக்குப் பரவலாக அறிமுகப்படுத்தியவர் பத்திரிகையாளர் பி. சாய்நாத். வறட்சியைப் பற்றி 1996இல் வெளிவந்த அவருடைய புகழ்பெற்ற நூலுக்காக அவர் சுற்றிய மாவட்டங்களில் இராமநாதபுரமும் ஒன்று. இங்கு பனையேறிகளின் நாள்பொழுதை அவர் நுணுக்கமாக எழுதினார். 1993க்கும் 2002க்கும் இடையே பத்து மாநிலங்களில் உழைக்கும் பெண்களை அவர் எடுத்த படங்கள் பின்னர் ஊர் ஊராகச் சென்ற கண்காட்சியாயின. 2014 டிசம்பரில் அவர் தொடங்கிய ‘பாரி’ என்ற இணைய ஆவணக் களஞ்சியம், நாட்டின் ஒவ்வொரு பகுதியிலிருந்தும் மனித முகங்களைப் பெயரோடும் தொழிலோடும் ஊரோடும் சேர்த்து வரும் ‘முகங்கள்’ என்ற திட்டத்தையும் நடத்துகிறது. தர்ஸ்டனைப் போலவே இதுவும் ஒரு தொகுப்பு முயற்சிதான். அங்கே சாதி என்ற தலைப்பின் கீழ் ஆள் மறைந்தார்; இங்கே ஆளின் பெயர் முதலில் வருகிறது.

இந்தக் களஞ்சியத்தின் ஒளிப்படக் கலைஞரான எம். பழனி குமார், மதுரை மாவட்டத்தில் மீன் விற்ற தாய்க்குப் பிறந்தவர். கையால் மலம் அள்ளும் அவலத்தைப் பற்றி திவ்யபாரதி இயக்கி 2017இல் வெளிவந்த ‘கக்கூஸ்’ ஆவணப்படத்தின் ஒளிப்பதிவாளர் அவர். கழிவுநீர்த் தொட்டிகளில் இறந்தவர்களின் குடும்பங்களை அவர் பல ஆண்டுகள் தொடர்ந்து எடுத்தார். 2019இல் அவர் வெளியிட்ட ஒரு படக்கட்டுரை, இராமநாதபுரம் மாவட்டத் திருப்புல்லாணி வட்டாரத்தைச் சேர்ந்த பாரதி நகரின் பாசி எடுக்கும் பெண்களைப் பற்றியது. இக்கடற்கரையின் உருவப்பட வரலாற்றில் அதற்குத் தனி இடம் உண்டு.

பாசி எடுத்தல் என்பது மன்னார் வளைகுடாவின் தீவுகளைச் சுற்றியுள்ள பாறைகளிலும் பவளத் திட்டுகளிலும் இயற்கையாக வளரும் கடற்பாசியைக் கையால் பிய்த்துச் சேர்க்கும் தொழில். மரிக்கொழுந்து, கஞ்சிப்பாசி, கட்டக்கோரை என்று கரையில் வழங்கும் வகைகளில் மரிக்கொழுந்துக்கே விலை அதிகம். உணவிலும் மருந்துத் தொழிலிலும் ஆய்வுக்கூடங்களிலும் உறையவைக்கும் பொருளாகப் பயன்படும் அகர் அதிலிருந்து கிடைக்கிறது. கட்டக்கோரையிலிருந்து துணிச்சாயத் தொழிலுக்கும் பிறவற்றுக்கும் வேண்டிய அல்ஜினேட் கிடைக்கிறது. பல பெண்கள் தாயுடனோ பாட்டியுடனோ சிறுவயதில் கடலில் இறங்கியவர்கள். சேர்ந்து படகில் போய், மூச்சடக்கி மூழ்கி, இடுப்பில் கட்டிய வலைப்பையில் பாசியைச் சேர்த்து, கரையில் உலர்த்தி வியாபாரியிடம் எடைபோட்டு விற்பது அவர்களுடைய தொழில். முத்துக்குளிப்பும் சங்குகுளிப்பும் ஆண்களின் பெருமையாகப் பாடப்பட்ட கரையில், மூழ்குவதையே பிழைப்பாகக் கொண்ட பெண்கள் இருக்கிறார்கள் என்பதை வெளியூர்த் தமிழர்களே வெகுநாள் அறியவில்லை. மீன்பிடித்தல் என்றதும் ஆணையும், மீன் விற்றல் என்றதும் பெண்ணையும் நினைக்கும் பழக்கத்தில் மூழ்கும் பெண்ணுக்கு இடமே இல்லாமல் போயிற்று.

இவர்களை உருவப்படமாக எடுப்பதில் ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. உருவப்படத்தின் உயிர் முகத்தில் இருக்கிறது. இவர்கள் வேலையில் இருக்கும்போது முகம் மூடியிருக்கிறது. கண்களையும் மூக்கையும் மறைக்கும் நீர்க்கண்ணாடி, புடவைக்கு மேல் ஓர் ஆண்சட்டையோ பனியனோ, பாறை கிழிக்காமல் விரல்களில் சுற்றிய துணி, காலில் ரப்பர் செருப்பு ஆகியவையே அவர்களுடைய தொழிலுடை. கடைவீதியில் வாங்கிய ஒரு முழுமையான முக்குளிப்பு உடை அங்கே இல்லை. வீட்டில் கிடைத்ததைக் கொண்டு அவர்களே உருவாக்கிக்கொண்ட உடை அது. அந்த வேடத்தோடு படகின் விளிம்பில் நின்று நேரே பார்க்கும் பெண்ணின் படம், திருமணப் பட்டுப்புடவையையும் நகையையும் இரவல் வாங்கி ஸ்டூடியோவில் எடுத்த படத்துக்கு நேர் எதிரானது. ஸ்டூடியோவின் படம் ஒருவரை அவர் ஆக விரும்பிய நிலையில் காட்டியது. அதிலும் ஒரு மதிப்பு உண்டு, அதைக் குறைத்துப் பேச வேண்டியதில்லை. படகின் விளிம்பில் எடுத்த படமோ அவர் தானாகவே செய்துகொண்ட ஒன்றில் அவரை நிறுத்துகிறது. கிழிந்த துணிச்சுற்றின் வழியே தெரியும் விரல்நுனிகளும், உப்பில் ஊறிச் சுருங்கிய தோலும் அங்கே முகத்துக்கு ஈடான அடையாளமாகின்றன. நீருக்கடியிலும் படகிலும் எடுக்கப்பட்ட அப்படங்களைக் கரையில் நின்று எடுத்திருக்க முடியாது. எடுத்தவரும் நனைந்திருக்கிறார் என்பதைப் படங்களே சொல்லிவிடுகின்றன. ஒவ்வொரு படத்தோடும் பெண்ணின் பெயர், வயது, எத்தனை ஆண்டாகக் கடலில் இறங்குகிறார் என்பவை வருகின்றன.

ஒப்புநோக்க, சுற்றுலாத் துறைச் சுவரொட்டிகளிலும் நாட்காட்டிகளிலும் பாம்பன் கடற்கரை எவ்வாறு தோன்றுகிறது என்பதைக் கவனிக்கலாம். மாலைச் சூரியன் பின்னிருக்க, வலை வீசும் ஓர் உருவம் கறுப்பு நிழலாக நிற்கும். அந்த நிழல் யாராகவும் இருக்கலாம் என்பதே அதன் விற்பனை மதிப்பு. இதே கரையில் முழு ஒளியில், எல்லோரும் பெயர் சொல்லும் முகமாக நிற்பது ஒன்றே ஒன்று: இராமேசுவரத்தில் படகுக்காரர் ஒருவரின் மகனாக 1931இல் பிறந்த ஆ.ப.ஜெ. அப்துல் கலாமின் முகம். பேய்க்கரும்பில் 2017 ஜூலை 27 அன்று திறக்கப்பட்ட அவருடைய நினைவிடத்தில் ஓவியமாகவும் ஒளிப்படமாகவும் சிலையாகவும் அவர் நிறைந்திருக்கிறார். கரையைவிட்டுப் போய் உயர்ந்தவருக்குக் கிடைத்த அந்த இடத்தை எவரும் குறைசொல்ல முடியாது. கரையிலேயே இருந்துவிட்டவர்களுக்கு, பலருக்கு, வாழ்நாளில் எடுத்த படமென்பது குடும்ப அட்டைக்கோ வாக்காளர் அட்டைக்கோ எடுத்த சிறு படந்தான். இறந்தபின் அதையே பெரிதாக்கிச் சட்டமிட்டு மாலை சூட்டுவது தமிழ் வீடுகளில் பொதுவான வழக்கம்.

பெயர் சொல்வது எப்போதும் மதிப்பாக மட்டுமே முடியும் என்று நினைப்பதும் பிழை. இராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடைப்பட்ட 21 தீவுகளையும் அவற்றைச் சூழ்ந்த கடலையும் உள்ளடக்கி, ஏறத்தாழ 560 சதுர கிலோமீட்டர் பரப்பில், 1986இல் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டது. பல தலைமுறையாகப் பாசி எடுத்துவந்த திட்டுகள் அதன் எல்லைக்குள் வந்தன. 2000க்குப் பிந்திய ஆண்டுகளில் கட்டுப்பாடுகள் இறுகியபோது, தீவைச் சுற்றிப் பாசி எடுப்பது குற்றமாகக் கருதப்படும் நிலை ஏற்பட்டது. இத்தகைய நிலையில் வேலையிடத்தில், பெயரோடு, தேதியோடு எடுக்கப்பட்ட ஓர் ஒளிப்படம் மதிப்பாகவும் இருக்கலாம், சான்றாவணமாகவும் ஆகலாம். ஆகவே அந்தப் பெண்கள் கேமராவின் முன் நின்றதை வெறும் இசைவு என்று கொள்வது போதாது. இது எங்கள் தொழில், இதை மறைக்கப் போவதில்லை என்ற உரிமைக்குரல் அந்த நிற்றலில் இருக்கிறது. இவர்களை எடுத்த படங்களில் இரக்கத்தைத் தேடும் பார்வையாளர் பெரும்பாலும் ஏமாறுவது இதனால்தான்.

அந்த உரிமைக்குரலுக்குக் களத்தில் அமைப்பும் இருந்தது. பாம்பன் தீவின் சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமி மூர்த்தியின் தலைமையில் பாசி எடுக்கும் பெண்களின் கூட்டமைப்பு, மாதத்தில் 12 நாள் மட்டுமே எடுப்பது, பவளத்தைச் சிதைக்கும் உலோகக் கருவிகளைத் தவிர்ப்பது, இனப்பெருக்கக் காலத்தில் நிறுத்திவைப்பது என்று தானே வரம்புகளை வகுத்துக்கொண்டது. தீவுகளின் சூழலைக் காப்பவர்களுக்காகக் கலிபோர்னியாவின் பெர்க்லியில் இயங்கும் சீகாலஜி அமைப்பு வழங்கும் பரிசு 2015இல் அவருக்குக் கிடைத்தது. ரீட்டா பானர்ஜி இயக்கிய ஆவணப்படம் ஒன்றும் மன்னார் வளைகுடாவின் பாசி எடுக்கும் பெண்களைப் பதிவுசெய்திருக்கிறது. பழனி குமாரின் படங்கள் வருமுன்பே இப்பெண்கள் தங்களைப் பேசத் தொடங்கிவிட்டார்கள் என்பதை மறந்து, ஒளிப்படந்தான் அவர்களை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது என்று எழுதுவது கலைஞர்களுக்குச் செய்யும் புகழ்ச்சியாக இருக்குமே ஒழிய வரலாறாக இருக்காது.

2022இல் ஹாசல்பிளாட் விருது பெற்ற ஒளிப்படக் கலைஞர் தயானிதா சிங், அதே ஆண்டில் பாரியோடு இணைந்து நிறுவிய ஆவண ஒளிப்பட விருதின் முதல் விருதாளர் பழனி குமார். இந்தத் தொடர்பு தற்செயலானது என்று தோன்றலாம்; கலைவரலாற்று நோக்கில் அதற்கு ஒரு பொருத்தம் இருக்கிறது. தில்லியில் இடுகாடு ஒன்றில் வாழ்ந்த, தம் ஹிஜ்ரா சமூகத்தாலும் விலக்கப்பட்ட மோனா அகமதுவை 1989இல் சந்தித்த தயானிதா, பத்தாண்டுக்கு மேல் அவரோடு நட்புக் கொண்டு எடுத்த படங்களை 2001இல் நூலாக்கினார். அந்த நூலில் படங்களோடு வருவது எடுத்தவரின் விளக்கவுரையன்று. பதிப்பாளருக்கு மோனா எழுதிய மின்னஞ்சல்கள். தம்மை எப்படிப் பார்க்க வேண்டும் என்பதை, சில இடங்களில் முரண்டுபிடித்து, சில இடங்களில் கதைகட்டி, அவரே சொல்கிறார். விந்தை மனிதராகக் காட்டிக் காசாக்கக்கூடிய ஒரு வாழ்க்கை அதனால்தான் உருவப்படமாகத் தப்பியது. பாசி எடுக்கும் பெண்களின் படங்களோடு அவர்கள் வாயிலிருந்து வந்த சொற்கள் அச்சாவதும் அந்த வழிதான், அளவில் சிறியதாக.

எனினும் எடுப்பவர் ஒருவர், நிற்பவர் ஒருவர் என்ற ஏற்றத்தாழ்வு அதனால் முற்றிலும் நீங்கிவிடுவதில்லை. கேமரா யார் கையில் இருக்கிறதோ அவர் தேர்ந்த நொடிதான் எஞ்சுகிறது. கடலிலிருந்து எழும் நொடியின் அழகு மூச்சுமுட்டும் உழைப்பை மறைத்துவிடும் ஆபத்தும் இருக்கிறது. நீருக்கடியில் ஒளி விழும் விதமே அழகானது, அதைத் தவிர்க்க முடியாது. பழனி குமார் உழைக்கும் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு ஒளிப்படக் கலை கற்பித்து வருவதை இந்தக் கேள்விக்கான அவருடைய பதிலாகக் கொள்ளலாம். வடசென்னையின் இளையோர் தங்கள் தெருக்களையும் தங்கள் வீட்டாரின் உழைப்பையும் எடுத்த படங்கள் ஒரு கண்காட்சியாக வைக்கப்பட்ட இடம் எழும்பூரிலுள்ள சென்னை அரசு அருங்காட்சியகம். தர்ஸ்டன் இருபது ஆண்டுகளுக்கு மேல் தலைமை வகித்து, வருவோர் போவோரின் தலைகளை அளந்த அதே நிறுவனம். அவருடைய கருவிகளின் முன் நிற்க விரும்பாதவர்கள் ஓடவேண்டியிருந்தது. மகள் பிடித்திருக்கும் கேமராவின் முன் நிற்க மனமில்லாத தாய்க்கு, ‘இப்ப வேண்டாம், போ’ என்று சொன்னால் போதும்.